வெளியிலே சிங்கம்: பயம் சாக்காக மாறும் இடம்

"வெளியிலே சிங்கம், வீதியிலே கொலையுண்பேன் என்று சோம்பேறி சொல்லுவான்." நீதிமொழிகள் 22:13. சபைகளில் இந்த வசனத்தைப் பெரும்பாலும் சோம்பலைக் கண்டிக்கத்தான் எடுப்பார்கள். ஆனால் வசனத்தை நிதானமாகப் படித்தால், அதில் வருகிறவன் "எனக்கு வேலை செய்யப் பிடிக்கவில்லை" என்று எங்கும் சொல்லவில்லை. "என் உயிருக்கு ஆபத்து" என்கிறான். அவன் பேசுவது பயத்தின் பேச்சு. பயமும் சாக்கும் ஒரே வாயிலிருந்து, ஒரே வாக்கியமாக வருகின்றன. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பேசுகிறவனுக்கே தெரிவதில்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்பதை, வேதத்தை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருப்பவருக்கும் புரியும்படி இங்கே பார்ப்போம்.

முதலில் அந்தச் சிங்கத்தைப் பார்த்துவிடலாம். சிங்கம் அந்த நாட்டில் கற்பனை மிருகம் இல்லை. சிம்சோன் திம்னாத்துக்குப் போகும் வழியில் ஒரு சிங்கம் எதிர்ப்பட்டது. தாவீது ஆட்டைக் காப்பாற்றச் சிங்கத்தோடு போராடினான். 1 இராஜாக்கள் 13-இல் யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனை வழியிலேயே சிங்கம் கொன்றுபோட்டது. யோர்தான் கரையோரப் புதர்களிலிருந்து சிங்கம் ஏறிவருவதை எரேமியா உவமையாகவே சொல்கிறார். ஆகவே "சிங்கம்" என்று ஒருவன் சொன்னால் அந்தக் காலத்தில் யாரும் உடனே பொய் என்று தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் அவன் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். வீதி. அதற்கான எபிரேயச் சொல் ஊருக்குள் ஜனங்கள் கூடும் அகலமான வெளியைக் குறிப்பது. மதிலும் வாசலும் காவலும் உள்ள பட்டணத்தின் நடுவே, சந்தையும் வழக்கும் நடக்கிற இடத்தில், சிங்கம் நிற்கிறதாம். காட்டில் உள்ள உண்மையைக் கொண்டுவந்து தன் வீட்டு வாசலில் நிறுத்துகிறான். மிகைப்படுத்திய பயம் இப்படித்தான் பிறக்கிறது. ஆபத்து என்று ஒன்று உண்டு. அது இருக்கும் இடமும் அதன் அளவும்தான் மாறிப்போகின்றன.

இன்னொரு சொல்லும் கவனிக்கத்தக்கது. "கொலையுண்பேன்" என்பதற்கு மூலத்தில் உள்ள வினை, "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையில் வரும் அதே வினை. மனிதனை மனிதன் கொல்வதற்கு வழங்கும் சொல் அது. மிருகம் அடித்துக் கொல்வதற்குச் சாதாரணமாக அதைச் சொல்வதில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதை வைத்து, வழிகளில் சிங்கம் இருக்கிறது, வீதிகளில் கொலைகாரர் இருக்கிறார்கள் என்று சோம்பேறி "சாக்குச் சொல்லுகிறான்" என்றே எழுதிவிட்டது. ஒரு சிங்கம் போதாமல் கூடவே கொலைகாரரும் வந்துவிட்டார்கள்.

இதே கூற்று 26:13-இல் மறுபடியும் வருகிறது. 25-ஆம் அதிகாரத்திலிருந்து வருபவை எசேக்கியா ராஜாவின் மனுஷர் எழுதி வைத்தவை என்று 25:1 சொல்கிறது. அதாவது இரண்டு தனித்தனித் தொகுப்புகளில் இந்த ஒரு கூற்று இடம்பிடித்திருக்கிறது. 26-இல் அடுத்தடுத்த வசனங்களையும் சேர்த்துப் படித்தால் படம் முழுமையாகும். கதவு கீல்முளையில் ஆடுகிறதுபோல அவன் படுக்கையில் ஆடுகிறான். கதவு நாள் முழுக்க அசைகிறது, ஓர் அடிகூட நகர்வதில்லை. கையைக் கலத்திலே வைத்தவன் அதை வாய்க்குக் கொண்டுபோக வருத்தப்படுகிறான். கடைசியாக 16-ஆம் வசனம்: நியாயமாகப் பதில் சொல்லத்தக்க ஏழு பேரைவிடத் தன்னையே அவன் ஞானி என்று எண்ணுகிறான். இந்தக் கடைசி வரிதான் நமக்கு எச்சரிக்கை. சாக்கு சொல்கிறவருக்குத் தான் சொல்வது சாக்கு என்று தோன்றாது. அது விவேகம் என்றே தோன்றும்.

அப்படியானால் உண்மையான விவேகம் எது? பதில் அதே 22-ஆம் அதிகாரத்தில், பத்து வசனம் முன்னாலேயே இருக்கிறது. "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்." ஆபத்துக்கு ஒதுங்குவதை வேதம் ஒருநாளும் கோழைத்தனம் என்று சொல்லவில்லை. இரண்டு வசனங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. விவேகி காண்கிறான். சோம்பேறி சொல்கிறான். விவேகிக்குக் கண்ணால் கண்ட தகவல் இருக்கிறது, அதற்கேற்றபடி என்ன செய்வது என்ற முடிவும் இருக்கிறது. சோம்பேறியிடம் கதவைத் திறந்து பார்த்த அடையாளம்கூட இல்லை. புயல் எச்சரிக்கை வந்த நாளில் மீனவர் கடலுக்குப் போகாமல் இருப்பது 22:3. வானம் தெளிந்து மற்ற படகெல்லாம் போய்வந்த பிறகும் ஒருவர் கரையிலேயே இருந்தால் 22:13-ஐ எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்" என்று பிரசங்கி 11:4 சொல்வதும் இதைத்தான். காற்றைப் பார்ப்பது விவசாயிக்கு அவசியம். பார்த்துக்கொண்டே இருப்பது வேறு.

பயம் வளரும் விதம்

ஒரு பயம் படிப்படியாக எப்படி ஊதிப் பெரிதாகிறது என்பதை வேதத்தில் மிகத் துல்லியமாகப் பதிவுசெய்திருக்கும் இடம் எண்ணாகமம் 13. இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்ட கானான் தேசத்தைப் பார்த்துவர மோசே 12 பேரை அனுப்பினார். 40 நாள் சுற்றிப் பார்த்தார்கள். எஸ்கோல் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு திராட்சக்குலையை அறுத்து, இரண்டு பேர் ஒரு தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கையின் முதல் பாகம் முழுக்க உண்மை. பாலும் தேனும் ஓடுகிற தேசம், இது அதன் கனி, பட்டணங்கள் அரணிப்பானவை, ராட்சதரான ஏனாக்கின் குமாரரையும் கண்டோம். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

காலேப் "போவோம்" என்றதும்தான் பேச்சு மாறுகிறது. அதுவரை "ஏனாக்கின் குமாரரையும் கண்டோம்" என்றவர்கள், இப்போது "நாங்கள் கண்ட ஜனங்கள் எல்லாருமே பெரிய ஆட்கள்" என்கிறார்கள். ஒரு கூட்டம் "எல்லாரும்" ஆகிவிட்டது. நல்ல தேசம் என்றவர்களே, குடிகளைப் பட்சிக்கிற தேசம் என்கிறார்கள். குடிகளைப் பட்சிக்கும் தேசத்தில் இரண்டு பேர் சுமக்கும் குலை எப்படி விளையும், ராட்சத ஆட்கள் எப்படி வளருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பயம் பேசும்போது முன்னுக்குப்பின் முரண் கண்ணில் படாது. அப்புறம் வருகிறது மிக ஆழமான வரி: எங்கள் பார்வைக்கு நாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம். முதல் பாதி அவர்களுடைய உணர்ச்சி. அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. இரண்டாம் பாதி? எதிராளியின் மனதுக்குள் என்ன இருந்தது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

யோசுவா 2-இல், சுமார் 40 வருடங்களுக்குப் பிறகு, கானானிலுள்ள எரிகோ பட்டணத்துப் பெண்ணான ராகாப் சொல்வதைப் படியுங்கள். சிவந்த சமுத்திரம் வற்றிப்போன செய்தியைக் கேட்டு எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்கிறாள். சமுத்திரம் பிளந்தது வேவுகாரர் போவதற்கு முந்திய சம்பவம். மதிலுக்கு வெளியே நின்று இவர்கள் நடுங்கிய நாட்களில், மதிலுக்கு உள்ளேயும் பயந்த ஜனங்கள் இருந்தார்கள்.

ஆக மூன்று படிகள். கண்டதை எல்லாவற்றுக்கும் பொருத்துவது. நல்லதைக் கணக்கிலிருந்து அழித்துவிடுவது. அடுத்தவர் மனதைத் தெரிந்ததுபோல் பேசுவது. நம் பேச்சில் இவற்றைப் பிடிக்கலாம். "எப்பவுமே இப்படித்தான்", "யாருமே உதவ மாட்டாங்க", "போனா கேவலமா நெனைப்பாங்க". இந்த மூன்றில் ஒன்று வாயில் வந்தால் சிங்கம் காட்டைவிட்டுக் கிளம்பிவிட்டது என்று கொள்ளலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

காலேபின் பேச்சு எப்படி இருந்தது என்பதும் முக்கியம். அவர் ராட்சதர் இல்லை என்று மறுக்கவில்லை. 85 வயதில் அதே எப்ரோன் மலைநாட்டைக் கேட்கும்போது, ஏனாக்கியரும் அரணிப்பான பெரிய பட்டணங்களும் அங்கே உண்டு என்று தாமே சொல்கிறார். எண்ணாகமம் 13:22-இல் பெயர் சொல்லப்பட்ட அகீமான், சேசாய், தல்மாய் ஆகிய மூன்று ஏனாக்கியரைத்தான் யோசுவா 15:14-இல் அவர் துரத்திவிட்டார். விசுவாசம் என்றால் ஆபத்தைச் சிறிதாக்கிச் சொல்வது என்று பலர் எண்ணுகிறார்கள். காலேப் சரியான அளவைச் சொன்னார், அதோடு கர்த்தரையும் கணக்கில் சேர்த்தார். காலேபோடு நின்ற யோசுவாவைத் தவிர, மற்ற பத்து பேரின் கணக்கில் அந்த ஒரு வரி விடுபட்டுப்போயிருந்தது.

சாக்கைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை

பயம் உண்மையா, சாக்கா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். இந்தத் தடை இன்றைக்கே நீங்கிவிட்டால், நாளைக்கு நான் அதைச் செய்வேனா? "செய்வேன்" என்று உடனே வந்தால் அது உண்மையான தடை. அதைத் தீர்க்க வழி பாருங்கள். வாய் இன்னொரு காரணத்தைத் தேடினால் தடை வேறெங்கோ இருக்கிறது.

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களில் எரிகிற முட்செடியின் முன் மோசேக்கு நடந்தது இதுதான். நான் எம்மாத்திரம் என்றார். நான் உன்னோடே இருப்பேன் என்று பதில் வந்தது. உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன் என்றார், நாமம் சொல்லப்பட்டது. என்னை நம்பமாட்டார்கள் என்றார். கோல், கை, தண்ணீர் என்று மூன்று அடையாளங்கள் கிடைத்தன. நான் வாக்குவல்லவன் அல்ல என்றார். வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்கப்பட்டது. ஒவ்வொரு சிங்கமாக நீங்க நீங்க, உள்ளே இருந்தது ஐந்தாவது வாக்கியமாக வெளியே வந்தது: வேறு யாரையாவது அனுப்பும். கர்த்தருக்குக் கோபம் மூண்டது அந்த ஐந்தாவதில் மட்டுமே என்பது ஆறுதலான விஷயம். முதல் நான்குக்கும் பொறுமையாகப் பதில் கிடைத்தது. கோபத்திலும்கூட ஆரோன் துணையாகக் கொடுக்கப்பட்டார். பிறகு 4:19-இல், மோசே வாய்விட்டுக் கேட்காத ஒரு பயத்துக்கும் தகவல் வருகிறது: உன் பிராணனை வாங்கத் தேடினவர்கள் எல்லாரும் இறந்துபோனார்கள். கொலைப்பழியோடு எகிப்தைவிட்டு ஓடிவந்தவருக்கு அது உண்மையான பயம். அதற்குக் கண்டனம் வரவில்லை, செய்தி வந்தது.

இயேசு சொன்ன தாலந்து உவமையில், எஜமான் கொடுத்த பணத்தைப் பூமியைத் தோண்டிப் புதைத்தவனும் பயத்தைத்தான் சொன்னான்: நான் பயந்து, போய், ஒளித்துவைத்தேன். எஜமான் அவனைச் "சோம்பனான ஊழியக்காரன்" என்றார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு வேர், தயங்கிப் பின்வாங்குதல் என்ற வினை. ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. அப்படியென்றால் ஏறக்குறைய இருபது வருடக் கூலி மண்ணுக்குள் கிடந்தது. அவனிடம் எஜமான் கேட்டது பெரிய வியாபாரத்தையும் அல்ல. காசுக்காரர் கையில் போட்டிருக்கலாமே என்றார். பயந்தவனும் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம் அது.

நோட்டுப் புத்தகத்தில் செய்து பார்ப்பது

இதை நடைமுறையில் செய்ய, பத்து நிமிடமும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். மனதுக்குள்ளேயே செய்தால் வேலைக்காகாது. மனதுக்குள் சிங்கம் ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகும். தாளில் எழுதியது எழுதிய அளவிலேயே நிற்கும்.

பல வீடுகளில் உள்ள ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா. அடிக்கடி தாகம், அசதி, இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கிறார். மகள் சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. "இந்த மாசம் பண்டிகை", "லேப்ல கூட்டம்", "டெஸ்ட் எடுத்தாலே எதையாவது சொல்லி மாத்திரையில தள்ளிருவாங்க", "கர்த்தர் பாத்துக்குவார்".

முதலில், மனதில் வருகிற வாக்கியத்தை வந்தபடியே எழுத வேண்டும், அழகுபடுத்தாமல். அந்த அம்மா நேர்மையாக எழுதினால் அது இப்படி இருக்கும்: "சுகர் இருக்குன்னு தெரிஞ்சா எங்க அப்பா மாதிரி எனக்கும் கால எடுத்துருவாங்க." பண்டிகையும் கூட்டமும் எங்கே போயின? அவை வெளிவாசலில் நின்ற சிங்கங்கள். உள்ளே இருந்தது இது.

அடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் கூட்டியதையும் பிரிக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, கால் எடுத்தார்கள்: கண்டது. எனக்குத் தாகமும் அசதியும் இருக்கின்றன: கண்டது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது: இன்னும் தெரியாது, வலப்பக்கம். தெரிந்தால் கால் போய்விடும்: வலப்பக்கம். இப்படிப் பிரித்த உடனே ஒரு விஷயம் புலப்படும். அப்பாவின் காலுக்கு ஆபத்து வந்தது பரிசோதனையால் அல்ல. பல வருடம் கட்டுப்படுத்தாமல் விட்ட சர்க்கரையாலும், உணர்ச்சி மரத்த பாதத்தில் ஆறாமல் போன புண்ணாலும்தான் அநேகமாக இப்படி ஆகிறது. ஆக, சிங்கம் உண்மைதான். அது நிற்கும் இடம் லேப் இல்லை, தள்ளிப்போட்ட ஆறு மாதம்.

மூன்றாவது, வலப்பக்கத்தில் உள்ளதைச் சரிபார்க்கத் தேவையான மிகச் சிறிய காரியம் எது என்று எழுத வேண்டும். "உடம்பப் பாத்துக்கணும்" என்று எழுதினால் அது காரியம் ஆகாது. நாளும் நேரமும் இடமும் இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலை ஏழு மணி, ஆரம்ப சுகாதார நிலையம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம், மகள் கூட வருவாள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் மறுபடி ஒரு பரிசோதனையால் உறுதிசெய்துகொண்டு மருத்துவம் தொடங்குவார். நூறுக்குக் கீழே வந்தால் அசதிக்கு வேறு காரணம் தேட வேண்டும். எந்த எண் வந்தாலும் அடுத்த வழி இருக்கிறது. வழி தெரியாமல் தவிப்பது எண் தெரியாதவரைதான்.

நான்காவது, ஜெபம். அதை ஏன் கடைசியில் வைக்கிறோம் என்று கேட்கலாம். தொடக்கத்திலும் ஜெபிக்கலாம், ஜெபிக்க வேண்டும். ஆனால் பிரித்து எழுதிய பிறகு செய்கிற ஜெபம் கூர்மையாக இருக்கும். "ஆண்டவரே, எல்லாத்தையும் பாத்துக்கங்க" என்பது, "ஆண்டவரே, அப்பாவோட கால் ஞாபகம் வருது, பயமா இருக்கு, வியாழக்கிழமை காலையில என்னோட வாங்க" என்று மாறும். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற சங்கீதம் 56:3 பயம் தீர்ந்த நாளைப் பற்றியது அல்ல. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வசனத்தில் சேர்ந்து நிற்கின்றன.

இதில் தவறு நேரும் இடங்கள்

மிக அதிகமாக நடப்பது, பயம் போகட்டும், பிறகு செய்கிறேன் என்று காத்திருப்பது. இது தலைகீழ். எதைத் தவிர்க்கிறோமோ அந்தப் பயம் வளரும். தவிர்த்ததும் கிடைக்கும் நிம்மதி, "தப்பித்தேன், அங்கே ஆபத்துதான் இருந்திருக்கும்" என்று மனதுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. சிறுசிறு அளவாக நெருங்கும்போதுதான் அது இறங்கும். கிதியோனைப் பாருங்கள். பாகால் என்ற அந்நிய தேவனின் பலிபீடத்தை இடிக்கக் கர்த்தர் சொன்னபோது, தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து பகலில் செய்யாமல் இரவில் செய்தார். வேலைக்காரரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டார். வேதம் இதை மறைக்காமல் எழுதுகிறது, கடிந்துகொள்ளவும் இல்லை. பலிபீடம் இடிந்தது. பிறகு எதிரிகளான மீதியானியரின் பாளயத்துக்குப் போகவும் அவருக்குப் பயம் இருந்தது. "பயமாக இருந்தால் பூரா என்ற உன் வேலைக்காரனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போய் அவர்கள் பேசுவதைக் கேள்" என்று கர்த்தர் சொன்னார். பயந்தவருக்குக் கிடைத்தது ஒரு துணை, ஓர் இரவு, எதிராளி உண்மையில் என்ன பேசுகிறான் என்ற நேரடித் தகவல்.

இரண்டாவது தவறு விசுவாசிகளிடம் மட்டுமே காணப்படுவது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்தியின் பாஷையில் வரும் சிங்கம். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்", "கர்த்தர் இன்னும் பேசல", "உள்ளத்துல சமாதானம் இல்ல", "அவருடைய வேளை வரணும்". இவை ஒவ்வொன்றுக்கும் உண்மையான இடம் உண்டு. ஆனால் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்ட காரியத்துக்கு மறு உத்தரவு தேவையில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் போகவும், வாங்கிய கடனைப் பற்றி உண்மையைச் சொல்லவும், வயதான தாயைப் போய்ப் பார்க்கவும் தனியாக ஒரு தரிசனம் வர வேண்டியதில்லை. ஜெபித்துச் சொல்கிறேன் என்றால் எந்த நாளில் சொல்வீர்கள் என்று உங்களையே கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தேதி குறிக்க மனம் வராவிட்டால் அங்கே நடப்பது ஜெபம் இல்லை என்று புரிந்துவிடும்.

வாக்குத்தத்த வசனத்தை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே இருப்பதும் உதவாது. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்ற 2 தீமோத்தேயு 1:7-ஐ மனப்பாடமாகச் சொல்வோம். அதில் மூன்றாவதாக வருவது தெளிந்த புத்தி. மேலே சொன்ன கோடு போட்டுப் பிரிக்கும் வேலை அந்தத் தெளிந்த புத்தியின் வேலைதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: துணிச்சலை விசுவாசம் என்று எண்ணுவது. மாத்திரையைத் திடீரென நிறுத்துவது, கையில் பணமில்லாமல் கடன் வாங்கித் தொழில் தொடங்கி "விசுவாசத்தில் இறங்கிவிட்டேன்" என்பது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் சொன்னது பிசாசு என்று மத்தேயு 4 சொல்கிறது. நெகேமியாவின் வழியே பாதுகாப்பானது. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது மிரட்டல் வந்தது. ஜெபம்பண்ணி, இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார். பாதிப் பேர் வேலை செய்தார்கள், பாதிப் பேர் ஈட்டி பிடித்து நின்றார்கள். 52 நாளில் அலங்கம் முடிந்தது. அதே நெகேமியா, "கொல்ல வருகிறார்கள், தேவாலயத்துக்குள் ஒளிந்துகொள்வோம்" என்று செமாயா அழைத்தபோது போகவில்லை. ஒரு மிரட்டலுக்குக் காவல் போட்டார், இன்னொன்று கூலிக்குச் சொல்லப்பட்டது என்று கண்டுகொண்டார்.

உடம்பும் மனமும் சோர்ந்துபோயிருக்கும்போது

எல்லாப் பயத்தையும் சாக்கு என்று சொல்லிவிடக் கூடாது. எலியா 1 இராஜாக்கள் 19-இல் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டார். முதல் மருந்தாக அவருக்குப் போதனை கொடுக்கப்படவில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்ற அவருடைய மிகைக்கூற்றுக்குப் பதில் பிறகு ஓரேப் மலையில்தான் வந்தது. அதுவும் ஓர் எண்ணாக வந்தது: 7000 பேர். அதற்கு முந்தின அதிகாரத்திலேயே ஒபதியா, 100 தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் குகையில் ஒளித்துவைத்ததை எலியாவிடம் சொல்லியிருந்தார். தெரிந்த தகவலையே களைப்பு மறக்கடித்துவிட்டது.

நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல், பல வாரமாகத் தூக்கமின்மை, வெளியே போகவே முடியாத நிலை, சாக வேண்டும் என்ற எண்ணம் இவை இருந்தால், அதைச் சோம்பல் என்றோ விசுவாசக் குறைவு என்றோ சொல்வது பாவம் என்றே சொல்லலாம். அது வியாதி. அதற்கு மருத்துவர் உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே.

உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவர் இப்படிச் சிங்கம் சொல்லிக்கொண்டிருந்தால், சோம்பேறி வசனத்தை அவர் முகத்துக்கு நேரே எடுத்து வாசிக்காதீர்கள். அந்த வசனத்தை ஒவ்வொருவரும் தனக்குத்தானே வாசித்துக்கொள்வதே நல்லது. "அங்க போனா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். இரண்டாவது, மூன்றாவது காரணத்துக்குப் பிறகுதான் உண்மையானது வரும். அது வந்ததும் விவாதிக்க வேண்டாம். "நானும் கூட வரேன், எந்தக் கிழமை போகலாம்?" என்று கேளுங்கள். அந்த அம்மாவின் மகளாக நீங்கள் இருந்தால் புதன்கிழமை இரவே ஆட்டோ சொல்லிவைத்து, காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவருக்குப் பரிசோதனை முடிந்ததும் கொடுக்க நான்கு இட்லி கட்டிக்கொள்ளுங்கள்.